முத்துக்கிளி மூழ்கியதில்லை

காரைக்குடியில் பேருந்து கிளம்பியதிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன் சார், நான்கு முறை மூழ்கிவிட்டீர்கள்.

தப்பாக நினைக்க வேண்டாம். அடுத்தவர் ஃபோனை எட்டிப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்தச் சத்தம் காதில் விழுந்துவிட்டது. களக் களக் என்று தண்ணீர் ஏறும், பிறகு மணி ஒன்று அடிக்கும், பிறகு துறைமுகத்துக் கடற்காகம் கத்தும். சுழிக்கடல் விளையாட்டு. நூறு பேர் பேசுகிற சந்தையில் வைத்தாலும் அந்தச் சத்தத்தை நான் பிரித்துச் சொல்லிவிடுவேன். விளையாட்டை இறக்கி எத்தனை நாள் ஆகிறது? மூன்று நாளா? ஓட்டைப்படகை நீங்கள் செலுத்துகிற விதத்தைப் பார்த்தே நினைத்தேன்.

என் பெயர் சாத்தையா. காரைக்குடியில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். விளையாட்டில் என்னை முத்துக்கிளி கேப்டன் என்பார்கள். முத்துக்கிளி என் கப்பல். துறைமுகத்தின் கிழக்கு ஓரத்தில் பச்சை வண்ணத்தில் நிற்கும், பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லையா? மூன்று நாளில் எங்கே பார்ப்பது, தண்ணீருக்கு அடியில்தானே இருந்திருக்கிறீர்கள். இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட மூழ்காத கப்பல் சார் அது. ஒருமுறைகூட. பெருமைக்குச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டால் உங்களுக்கு நல்லது என்பதற்காகச் சொல்கிறேன்.

புதுக்கோட்டையில் இறங்குகிறீர்களா? அப்படியானால் முக்கால் மணி நேரம் இருக்கிறது. போதும்.

உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், முத்துக்கிளியில் இப்போது ஒரு இடம் காலி. ஒன்றோ இரண்டோ. பெரிய விஷயமில்லை. ஆனால் துறைமுகத்தில் ஒரு விதி இருக்கிறது. பழுதாகி வந்து நிற்கிற கப்பலுக்கு நான்கு வாரம் தவணை. அதற்குள் ஐந்து பேராவது அந்தக் கப்பலின் ஆட்கள் என்று பெயர் பதிய வேண்டும். இல்லையென்றால் கப்பலைப் பிரித்துப் பலகை பலகையாக மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். முத்துக்கிளியின் தவணை வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணியோடு முடிகிறது. இன்றைக்கு வெள்ளி. அவசரம் ஒன்றுமில்லை, சும்மா சொல்லி வைக்கிறேன்.

மூழ்காத கப்பல் எப்படிப் பழுதானது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் வருகிறேன். உங்களுக்கு இந்த விளையாட்டு இன்னும் விளங்கியிருக்காது, அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

சுழிக்கடலில் ஒரு கப்பலுக்கு எட்டு பேர். ஒருவர் சுக்கான் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் பாய். ஒருவர் கொடிமரத்து உச்சியில் நின்று பாறை பார்க்க வேண்டும். ஒருவர் ஓட்டை விழுந்த பலகையை அடைக்க வேண்டும், ஒருவர் மணி அடிக்க வேண்டும், மிச்சம் இரண்டு பேர் வாளியால் தண்ணீர் இறைக்க வேண்டும். எட்டு பேரும் எட்டு ஊரில் அவரவர் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, காதில் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுக்கொண்டு போவார்கள். ஒருவர் பிசகினால் எட்டு பேருக்கும் கப்பல் போயிற்று. மற்ற விளையாட்டுகளில் செத்தால் எழுந்து ஓடலாம். இங்கே கப்பல் மூழ்கினால் மூழ்கியதுதான். மரம் வெட்டி, பலகை அறுத்து, பாய் தைத்து, ஐந்து மாதம் பாடுபட்டுக் கட்டியது கடலுக்குப் போய்விடும். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற பச்சைக் கோடு மட்டும்தான் மிஞ்சும்.

அதுதான் அனுபவக் கோடு. உங்களுக்கு இப்போது என்ன, மூன்றா? தெரிகிறது.

அந்தக் கோடு எப்படி ஏறுகிறது என்றால், சுக்கானோ துடுப்போ உங்கள் கையில் இருக்கும்போது ஆபத்து வர வேண்டும். வந்தால் ஏறும். தப்பினாலும் ஏறும், மூழ்கினாலும் ஏறும். யார் யோசனையோ தெரியவில்லை. தோற்றவனுக்கும் மதிப்பெண் போடுகிற பரீட்சையை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? அதனால்தான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஓட்டைப்படகைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஒற்றை ஆள், ஒற்றைத் துடுப்பு, அடியில் ஓட்டை. துறைமுகத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் மூழ்கும். திரும்பி வந்து இன்னொன்று எடுப்பார்கள். வெட்கமே கிடையாது. சாயங்காலம் ஆனால் துறைமுக வாயிலில் ஐம்பது அறுபது பேர் குமிழி விட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் என் கப்பலை வளைத்து வெளியே கொண்டுபோவதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிடும்.

உங்களைச் சொல்லவில்லை சார். பொதுவாகச் சொல்கிறேன்.

நான் எப்படிக் கற்றேன் என்கிறீர்களா? எனக்கு அது இயல்பாகவே வந்தது. ஆரம்பத்தில் இரண்டு மூன்று கப்பல் போயிற்று. ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்போது நான் வேறு பெயரில் இருந்தேன். அந்தப் பெயரை அழித்துவிட்டேன். அது சேராது.

புதியவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். டிரைவிங் கற்றுக்கொள்ள வருகிறவர்களும் இப்படித்தான். முதல் நாளே ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும் என்பார்கள். என் காரில் என் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கிறது. ஸ்டியரிங்கில் அவர் கை இருக்கும், அதன்மேல் என் கை இருக்கும். பதினாறு வருடம் சார், ஒரு கீறல் கிடையாது. இதோ இந்தப் பையில் இருப்பது என் பக்கத்துப் பிரேக் மிதிதான். ரப்பர் தேய்ந்து, இரும்பும் தேய்ந்துவிட்டது. திருச்சியில்தான் இதற்கு மாற்று கிடைக்கும், அதற்காகத்தான் பேருந்தில் போகிறேன். மாணவர் பக்கத்து மிதி இருக்கிறதே, கம்பெனியிலிருந்து வந்தபடியே பளபளப்பாக இருக்கிறது. அவ்வளவு கவனமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் கற்றவர்கள் என்னை விட மாட்டார்கள். லைசன்ஸ் வாங்கிய பிறகும் மூன்றாவது முறை, நான்காவது முறை வந்து சேருகிறார்கள்.

சரி, கப்பலுக்கு வருவோம்.

முத்துக்கிளியில் புதிதாக வருகிறவருக்கு என்று நான் ஒரு முறை வைத்திருந்தேன். முதல் அறுபது பயணம் தண்ணீர் இறைக்க வேண்டும். வேறு எதையும் தொடக்கூடாது. குரலில் பேசவும் கூடாது. பயணம் முடிந்ததும் ‘இறைச்சாச்சு கேப்டன்’ என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அந்த அறுபதில் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். ஓடட்டும். நிற்கிறவர்தான் ஆள்.

ஆனால் வாளியில் என்ன கோடு ஏறும்? அமைதியான கடலில் தண்ணீர் இறைத்தால் நகக்கண் அளவுகூட ஏறாது. அதற்கும் நான் வழி வைத்திருந்தேன். இதை வேறு எந்த கேப்டனும் செய்ய மாட்டான், நான் செய்தேன். ஆட்களின் பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொள்வேன். காலையில் இரண்டு வகுப்புக்கு நடுவில் எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். ஒருநாள் கலியமூர்த்தி பெயரில் உள்ளே போவேன், மறுநாள் அமீன் பெயரில் போவேன். மற்றவர்களை இறைக்க வைத்துவிட்டு, நானே சுக்கான் பிடித்துப் பாறை நடுவில் ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வருவேன். கோடு அவர்கள் பெயரில் ஏறும். அவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. ஏழு பேருக்கும் என்னால் செய்ய முடிந்திருக்கும், ஆனால் ஆறு பேர்தான் கொடுத்தார்கள்.

ஆட்களைச் சொல்லவில்லையே. கலியமூர்த்திக்குக் கும்பகோணத்தில் மாவு மில். என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஆனாலும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார். நூருல் அமீன் தொண்டியில் ஃபோன் பழுது பார்க்கிறவன், அண்ணே அண்ணே என்று உயிரை விடுவான். அப்புறம் கோயம்புத்தூரில் ஒரே லேத் பட்டறையில் வேலை செய்கிற நாலு பேர். எதைச் செய்தாலும் நாலு பேரும் சேர்ந்தே செய்வார்கள், சிரித்தால்கூடச் சேர்ந்துதான் சிரிப்பார்கள். அதனால் அவர்கள் பெயரை நான் தனித்தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

எட்டாவதாக வந்தது ஒரு அம்மா. பிலோமினா. மணப்பாறையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பகல் டூட்டி முடிந்து சாயங்காலம் ஆறு மணிக்கு வருவார். நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிடுவோம். வந்த அன்றைக்கே மற்றவர்களிடம் கேட்பதுபோல அவரிடமும் பாஸ்வேர்டைக் கேட்டேன். அந்த அம்மா சொன்ன பதிலைக் கேளுங்கள்.

“என் கோடு காலியா இருந்தா காலியாவே இருக்கட்டும் சார். நீங்க ரொப்புனா அது உங்க கோடு.”

சார் என்றுதான் சொன்னார். கேப்டன் என்று ஒருநாளும் அந்த வாயில் வந்ததில்லை.

அறுபது பயணமும் இறைத்தார், அதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பயணம் முடிந்ததும் என்ன செய்வார் தெரியுமா? நேராகப் போய் ஓட்டைப்படகை எடுப்பார். முத்துக்கிளியின் ஆள், அந்தக் குமிழி விடுகிற கூட்டத்தோடு கூட்டமாகப் போய் மூழ்குவார். எனக்கு எப்படி இருக்கும்? துறைமுகத்தில் ஒரு பலகை இருக்கிறது, யார் எத்தனை முறை மூழ்கினார்கள் என்று அதில் வரும். பிலோமினா, முத்துக்கிளி, நாற்பத்து மூன்று. என் கப்பல் பெயரையும் பக்கத்தில் போட்டிருப்பான். நான் அவருக்கு முக்குளிப்பான் என்று பெயர் வைத்தேன். அதுதான் சார், குளத்தில் முங்கி முங்கி எழுமே, அந்தக் குருவி. எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார். உறைக்கிறவராக இருந்தால்தானே.

ஒருநாள் பயணம் முடிந்த பிறகு, பேசலாமா என்று கேட்டுவிட்டு, குரலில் எல்லோருக்கும் ஒரு பாடம் எடுத்தார். கப்பலின் உள்பக்கம் பலகைகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும், இல்லையா? அதில் கீழேயிருந்து மூன்றாவது பலகையைப் பற்றி.

“சுழியில மாட்டிக்கிட்டா, மூணாவது பலகைக்குத் தண்ணி வர்ற வரைக்கும் இறைக்காம விட்டுப் பாருங்க. படகு கனத்துப்போயிரும். சுழியால அதைச் சுத்த முடியாது. மெதுவா அந்தப் பக்கம் தள்ளி விட்டுரும். அதுக்கு மேல ஏறாம பாத்துக்கிட்டா போதும். எனக்கு முப்பதாவது தடவைதான் இது தெரிஞ்சுச்சு.”

இறைக்காமல் விட்டால் கப்பல் பிழைக்குமாம். நான் சும்மா இருப்பேனா? “ஆஸ்பத்திரியிலயும் நோயாளிய இப்படித்தான் விட்டுப் பாப்பீங்களா சிஸ்டர்?” என்று கேட்டேன். கோயம்புத்தூர் நாலு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

“சில பேரை விட்டுத்தான் சார் பாக்கணும்,” என்றார் அந்த அம்மா. “எப்பவும் கையப் பிடிச்சுக்கிட்டே இருந்தா நடக்க மாட்டாங்க.”

அன்றைக்கே வெளியே அனுப்பியிருக்க வேண்டும். பெருங்கடப்பு நெருங்கிக்கொண்டிருந்தது, எட்டாவது ஆள் வேண்டியிருந்தது, அதனால் விட்டேன். என் நல்ல மனசுதான் எனக்கு எதிரி.

பெருங்கடப்பு வருடத்துக்கு ஒருமுறை. பெரிய சுழியைக் கடந்து அக்கரைக்குப் போக வேண்டும். துறைமுகத்தில் இருக்கிற முந்நூறு கப்பலில் பத்துப் பதினைந்துதான் அக்கரை சேரும். கேப்டனைத் தவிர மற்றவர்களில் ஆறு பேருக்காவது கோடு ஐம்பதைத் தாண்டியிருந்தால்தான் இறங்கவே விடுவார்கள். என் ஆட்கள் ஆறு பேரும் தாண்டியிருந்தார்கள். கலியமூர்த்திக்கு ஐம்பத்திரண்டு. ஒரு மாவு மில்காரருக்கு ஐம்பத்திரண்டு! எல்லாம் என் கை. பிலோமினாவுக்கு நாற்பத்தொன்று. அந்த அம்மாவை வாளிக்கு என்று எழுதிக்கொண்டேன்.

அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால் விளையாட்டை நடத்துகிறவர்கள் ஒரு அறிவிப்புப் போட்டார்கள். இந்த முறை பெருங்கடப்பில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டு வேலையும் சீட்டுப் போட்டு மாற்றப்படும். யாருக்குச் சுக்கான் விழும், யாருக்கு வாளி விழும் என்று யாருக்கும் தெரியாது. இது என்ன நியாயம்? இரண்டு வருடம் ஒருவன் ஒழுங்காக ஒரு முறை வைத்திருக்கிறான், ஒரே நாளில் கலைத்துவிட்டார்கள். அமீன் பயந்துபோய்க் கேட்டான், நாம் ஒரு வாரம் ஓட்டைப்படகில் போய்ப் பழகலாமா அண்ணே என்று. ஐம்பதுக்கு மேல் கோடு வைத்துக்கொண்டு ஓட்டைப்படகா? அசிங்கம் என்றேன். யார் கையில் சுக்கான் இருந்தாலும் நான் காதில் சொல்வேன், இடது என்றால் இடது, வலது என்றால் வலது, கை உன்னுடையது, மூளை என்னுடையது என்றேன். அதற்கு மேல் என்ன தைரியம் வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு இறங்கினோம். முதல் சீட்டில் சுக்கான் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு விழுந்தது. எனக்குப் பாய். ஒரு பாறைகூட உரசவில்லை, சொல்லச் சொல்லத் திருப்பினார். பார்த்தீர்களா, என் முறை அது.

இரண்டாவது சீட்டு விழுகிறபோது மூடுபனி வந்தது. மூடுபனிக்குள் குரல் கேட்காது, அது விளையாட்டின் விதி. மணி மட்டும்தான் கேட்கும். ஒன்று அடித்தால் இடது, இரண்டு அடித்தால் வலது, மூன்று அடித்தால் செய்வதை நிறுத்து. எனக்குக் கொடிமர உச்சி விழுந்தது. சுக்கான் கலியமூர்த்திக்கு. நான் உச்சியில் நின்று கத்துகிறேன், வலது, வலது. என் வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் கேட்டது. மணி யாரிடம் இருந்தது, அமீனிடம். அவன் எத்தனை அடிப்பது என்று தெரியாமல் ஏழெட்டு அடித்தான். கலியமூர்த்தி சுக்கானைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். சிலை மாதிரி நின்றார் சார். கப்பல் நேராகப் போய்ப் பாறையில் இடித்தது, அடிப்பலகை பிளந்தது, அப்படியே பெரிய சுழியின் விளிம்பில் மாட்டிச் சுற்ற ஆரம்பித்தது.

மூன்றாவது சீட்டு. சுக்கானும் மணியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சுக்கான் பிலோமினாவுக்கு விழுந்தது, மணி கலியமூர்த்திக்கு. எனக்கு என்ன விழுந்தது என்று நினைக்கிறீர்கள்?

வாளி.

கேப்டனுக்கு வாளி. சிரிக்காதீர்கள். வேலை என்று வந்துவிட்டால் நான் பார்க்க மாட்டேன், இறைத்தேன். வாளியைச் சாய்க்கிற பக்கம் முதலில் சரியாகப் பிடிபடவில்லை, இரண்டு மூன்று வாளி உள்ளேயே கொட்டிவிட்டது. யாருக்கும் நடக்கும். தண்ணீர் இரண்டாவது பலகையைத் தாண்டியிருந்தது. அப்போது மணி கேட்டது. மூன்று முறை. செய்வதை நிறுத்து.

எனக்குத் தெரியும், அது கலியமூர்த்தி இல்லை. அந்த அம்மா கைகாட்டி அடிக்கச் சொல்லியிருக்கிறார். இறைப்பதை நிறுத்தச் சொல்கிறார். தண்ணீர் மூன்றாவது பலகைக்கு ஏறிக்கொண்டிருக்கிறது, கப்பல் பம்பரமாகச் சுற்றுகிறது, இரண்டு வருடமாக மூழ்காத கப்பல், என்னை வாளியைக் கீழே வைக்கச் சொல்கிறார். என்னோடு இறைத்துக்கொண்டிருந்த அமீன் வைத்துவிட்டான். உடனே வைத்துவிட்டான். அதுதான் எனக்கு வலித்தது.

கேப்டனுக்கு ஒரு உரிமை இருக்கிறது சார். திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பொத்தான். ஒரு பயணத்தில் ஒரே ஒருமுறை, யார் கையில் இருந்தாலும் சுக்கானைப் பறித்துக்கொள்ளலாம். இரண்டு வருடத்தில் நான் அதை அழுத்தியதே இல்லை, தேவைப்பட்டதில்லை. அன்றைக்கு அழுத்தினேன். சுக்கானைப் பறித்து முழு பலத்தோடு வலது பக்கம் திருப்பினேன்.

கொடிமரம் முறிந்தது. பாய் போயிற்று. பெருங்கடப்பில் இப்படி நடுவில் உடைகிற கப்பலை ஒரு இழுவைப்படகு வந்து துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும். கவனியுங்கள், உடைந்தது. மூழ்கவில்லை. துறைமுகத்துப் பலகையில் இப்போதும் போய்ப் பாருங்கள், முத்துக்கிளி, மூழ்கியது பூஜ்யம் என்றுதான் இருக்கும்.

பயணம் முடிந்ததும் ஒரு வரைபடம் காட்டுவார்கள். கப்பல் போன வழியைச் சிவப்புக் கோடாகவும், சுக்கானைப் பறிக்காமல் இருந்திருந்தால் எப்படிப் போயிருக்கும் என்று மஞ்சள் கோடாகவும் போடுவார்கள். அந்த மஞ்சள் கோடு சுழியின் ஓரத்தில் அரை வட்டம் போட்டு, இரண்டு பாறைக்கு நடுவில் நுழைந்து, அக்கரை வரைக்கும் போயிருந்தது. போகட்டுமே. வரைபடம்தானே சார். யார் வேண்டுமானாலும் கோடு போடலாம்.

அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. “யாருக்கும் அடி படலையே சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்றைக்கு இரவு டூட்டி என்று போய்விட்டார். விளையாட்டில் யாருக்கு அடி படும்? என்ன பேச்சு அது?

கலியமூர்த்தி போகவில்லை. அவருக்குப் பின்னால் மாவு மில் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் கேட்டார்.

“கேப்டன், என் பேருக்குப் பக்கத்துல அம்பத்திரண்டுன்னு போட்டிருக்கு. எனக்குச் சுக்கானை எந்தப் பக்கம் திருப்பறதுன்னு தெரியல. அப்போ அந்த அம்பத்திரண்டு யாரு?”

நீங்கள்தான் என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் பெயரில் இருக்கிறது, அவர்தானே?

மறுநாள் அவர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். காலையில் வழக்கம்போல அவர் பெயரில் உள்ளே போகப் பார்த்தேன், கதவு திறக்கவில்லை. சாயங்காலம் துறைமுக வாயிலில் பார்த்தால், அந்த மனிதர் ஓட்டைப்படகில் இருக்கிறார். ஐம்பத்திரண்டு கோட்டோடு, ஐம்பத்தாறு வயதில், நேற்று வந்தவர்களுக்கு நடுவில். பதினோரு முறை மூழ்கினார். எண்ணினேன். ஒவ்வொரு முறையும் சிரிப்பு வேறு. பக்கத்தில் இன்னொரு படகில் அந்த முக்குளிப்பான், துடுப்பை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொண்டிருக்கிறார். அவர் படகைத் தொடக்கூட இல்லை. மூழ்கப் போகிறார் என்று தெரிந்தும் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறார். அதற்குப் பெயர் சொல்லிக்கொடுப்பதா?

கோயம்புத்தூர்க்காரர்கள் வழக்கம்போலச் சேர்ந்தே போனார்கள். கடைசியாக அமீன். அவன் மட்டும் ஃபோன் செய்து சொன்னான், அந்த மரியாதை அவனிடம் இருந்தது. நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்டேன்.

“அண்ணே, ரெண்டு வருஷம் உங்க கப்பல்ல இருந்தேன். ஒரு தடவகூட முங்கல. அதுதாண்ணே எனக்குக் குறை.”

சோற்றில் கல்லே இல்லை என்று ஒருவன் குறை சொல்வானா சார்? இவன் சொன்னான்.

ஏழு பேரும் சேர்ந்து, இரண்டு வாரத்தில் முடிகிற சின்னக் கப்பல் ஒன்று புதிதாகக் கட்டினார்கள். போன வாரம் ஒருமுறை மூழ்கிவிட்டது என்று கேள்விப்பட்டேன். துறைமுகத்துப் பலகையில் கப்பல் பெயரோடு பெரிதாக வந்தது. சிரித்துக்கொண்டேன். மறுபடி கட்டுகிறார்களாம்.

சரி. ஆக எத்தனை இடம் காலி என்று கேட்டீர்கள். ஐந்து பேர் வேண்டும். நான் இருக்கிறேன். ஆக, நான்கு. நீங்கள் வந்தால் மூன்று. உங்கள் வீட்டில், ஆபீசில் யாராவது இருக்க மாட்டார்களா? அறுபது பயணம் என்பதை உங்களுக்காக முப்பதாகக் குறைத்துக்கொள்கிறேன். கோட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். அது என் பொறுப்பு.

இப்போதே காட்டுகிறேன். கொடுங்கள் அந்த ஃபோனை. பயப்படாதீர்கள், இறங்குவதற்குள் மூன்றைப் பத்தாக்கித் தருகிறேன். நீங்கள் எதையும் தொட வேண்டாம். பார்த்தாலே போதும். இந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், பிரேக் மிதி, கனமாக இருக்கும்.

இதுதானா துடுப்பு? நான் இந்த ஓட்டைப்படகில் ஏறியதே இல்லை. நான் சேர்ந்தபோது இதெல்லாம் கிடையாது. பாருங்கள், முதலில் இப்படி இடது பக்கம். அப்புறம் இப்படி. இந்தத் துடுப்பு ஏன் இப்படி வழுக்குகிறது? சுழியின் ஓரமாகப் போக வேண்டும், நடுவில் போகக்கூடாது. பார்த்தீர்களா, ஓரமாக, ஓரமாக...

பள்ளம். இந்த ஓட்டுநருக்குப் பள்ளமே கண்ணில் படாது போலிருக்கிறது. பேருந்து குலுங்கியதில் விரல் நழுவிவிட்டது. இது என் மூழ்கல் இல்லை சார், உங்கள் பெயரில்தான் ஏறும். நான்காகிவிட்டது பாருங்கள் கோடு. ஏறியதா இல்லையா?

இன்னொரு முறை. இது சரியாக வரும். இடது, இடது. இப்போது சுழிக்குள் வந்துவிட்டோம், வந்தால் என்ன, இறைத்தால் போயிற்று. வாளி எங்கே? வாளி எங்கே வைத்திருக்கிறான்? கப்பலில் கீழே வலது பக்கம் இருக்கும். இதில் காணோமே. நீங்கள் தொடாதீர்கள், நானே கண்டுபிடிக்கிறேன். முதல் பலகை. சுற்றுகிறது, சுற்றட்டும். இரண்டாவது. வாளியை எங்கேதான் ஒளித்து வைத்திருக்கிறான்? மூன்றாவது பலகை வந்துவிட்டது, போயிற்று. வைத்துக்கொள்ளுங்கள் உங்கள் ஃபோனை, மூழ்கப்போகிறது.

இருங்கள்.

சுற்றுவது நின்றுவிட்டது.

பேருந்து நிற்கிறது அல்லவா, அதனால்தான். ரயில்வே கேட்டா? அதுதான் காரணம். பேருந்து நின்றால் கை ஆடாது. கை ஆடாவிட்டால் படகு ஆடாது.

கிளம்பிவிட்டதா? பேருந்து கிளம்பிவிட்டதா சார்? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

படகு இன்னும் ஆடவில்லை. கனமாக இருக்கிறது. நான் துடுப்பைத் தொடவே இல்லை, கவனித்தீர்களா? தானாக அந்தப் பக்கம் போகிறது. மெதுவாக. மூன்றாவது பலகை, அதற்கு மேல் ஏறவில்லை. அந்த அம்மா மூன்று முறைதான் மணி அடிக்கச் சொன்னார். மூன்றே முறைதான் கேட்டது.

தெரிகிறது, புதுக்கோட்டை. எல்லோரும் இறங்கட்டும், நீங்கள் கடைசியில் இறங்கிக்கொள்ளலாம். கண்டக்டர், ஒரு நிமிடம். சார், கையை எடுங்கள், தட்டிவிடப் போகிறீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள். இது இன்னும் மூழ்கவில்லை.